முற்றுகைக்குள் ஒரு கிரயப் பத்திரம்

யூதா நாட்டின் கடைசி அரசன் சிதேக்கியாவின் ஆட்சியில் அது பத்தாம் ஆண்டு. பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சாருக்குப் பதினெட்டாம் ஆண்டு. நம் கணக்கில் கி.மு. 588-க்கும் 587-க்கும் இடைப்பட்ட காலம். எருசலேமைச் சுற்றிலும் பாபிலோன் படை. மதிலில் ஏற எதிரிகள் மண்மேடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே பஞ்சமும் கொள்ளைநோயும். அரண்மனையை ஒட்டிய காவல் முற்றத்தில் ஒரு கைதி இருக்கிறார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக இறைவாக்கு உரைப்பவர். நகரம் விழும் என்று ஓயாமல் சொன்னதற்காக அடைக்கப்பட்டவர். அந்த எரேமியா, காவலில் இருந்தபடியே, எதிரியின் படை நடமாடும் பகுதியில் கிடக்கும் ஒரு நிலத்தை விலைக்கு வாங்குகிறார்.

எரேமியா நூலின் 32-ஆம் அதிகாரம் இதைச் சொல்கிறது. வாங்கிய செய்தி பத்தே வசனங்களில் முடிந்துவிடுகிறது. விலை, தராசு, சாட்சிகள், முத்திரை, பத்திரத்தின் இரண்டு படிகள், அவற்றை வைத்த மண்பாண்டம் என எல்லாம் அதில் பதிவாகியிருக்கின்றன. வாங்கியவரின் மனநிலை பற்றி ஒரு சொல்கூட இல்லை. கடவுளை நம்புவது எப்படி என்று கேட்பவர்களுக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் பதில்கள் மனதைப் பற்றியவை: கலங்காதே, பயப்படாதே, நல்லதே நடக்கும் என்று நினை. இந்தப் பத்து வசனங்கள் வேறோர் இடத்தில் தொடங்குகின்றன. வழியே இல்லாத சூழலில் கடவுள்மேல் நம்பிக்கை எப்படி உருவாகிறது, அது எதைத் தருகிறது, எதைத் தராது என்று ஆராய இதைவிட நேர்மையான ஆவணம் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் வரலாறு. இந்தப் போர்ச்சூழல் கற்பனை அல்ல. கி.மு. 597-இல் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்ததையும் தனக்கு வேண்டிய ஒருவரை அங்கே அரசனாக வைத்ததையும் பாபிலோனிய வரலாற்றுக் குறிப்பே பதிவு செய்திருக்கிறது. அப்படி வைக்கப்பட்டவர்தான் சிதேக்கியா. சில ஆண்டுகளில் அவர் பாபிலோனுக்கு எதிராகத் திரும்ப, இரண்டாம் முற்றுகை வந்தது. அந்த முற்றுகைக் காலத்தின் குரல் இன்னோர் இடத்திலும் கேட்கிறது. எருசலேமுக்குத் தென்மேற்கே லாகீஸ் என்ற கோட்டை நகரம் இருந்தது. 1935-இல் அதன் வாயிலருகே நடந்த அகழாய்வில் மையால் எழுதிய பானை ஓடுகள் கிடைத்தன. பெரும்பாலானவை படை அதிகாரிகளுக்கிடையே போய்வந்த கடிதங்கள். அவற்றில் ஒன்றில், லாகீஸின் தீக்குறிகளைக் கவனித்துக்கொண்டிருக்கிறோம், அசெக்காவைக் காண முடியவில்லை என்று ஒருவர் எழுதுகிறார். யூதாவின் அரணான நகரங்களில் லாகீஸும் அசெக்காவும் மட்டுமே மிஞ்சியிருந்தன என்று எரேமியா நூலின் 34-ஆம் அதிகாரம் சொல்கிறது. ஒரு நாடு நகரம் நகரமாக அணைந்துகொண்டிருந்ததை இந்த இரண்டு குறிப்புகளும் சேர்ந்து காட்டுகின்றன.

எரேமியா அடைபட்ட கதையிலேயே நிலம் வந்துவிடுகிறது. எகிப்தின் படை உதவிக்குப் புறப்பட்ட செய்தி கேட்டுப் பாபிலோனியர் கொஞ்ச காலம் முற்றுகையைத் தளர்த்தினார்கள். அந்த இடைவெளியில் அவர் பென்யமீன் நாட்டில் தன் குடும்பப் பங்கு ஒன்றைப் பெறும் பொருட்டுக் கிளம்பினார். நகர வாயிலில் காவல் அதிகாரி பிடித்துக்கொண்டான். எதிரியிடம் ஓடுகிறாய் என்று குற்றம் சாட்டினான். அடித்து ஒரு நிலவறையில் போட்டார்கள். பிறகு அரசனிடம் முறையிட்டதால் காவல் முற்றத்துக்கு மாற்றப்பட்டார். நகரத்தில் அப்பம் இருந்தவரை, அப்பம் சுடுவோர் தெருவிலிருந்து நாளொன்றுக்கு ஓர் அப்பம் அவருக்குக் கிடைத்தது. போர்வீரர்களின் கைகளைத் தளர்த்துகிறவர் என்பது அவர்மேல் சொல்லப்பட்ட புகார். லாகீஸ் ஓடுகளில் ஒன்று ஏறக்குறைய அதே புகாரை எருசலேமின் அதிகாரிகள்மேல் சொல்வது, அன்று அந்தக் குற்றச்சாட்டு எவ்வளவு கனமானதாக இருந்தது என்று உணர்த்துகிறது.

இந்த நிலையில் அவருடைய சிற்றப்பா மகன் அனாமெயேல் வருகிறான். ஆனதோத்தில் இருக்கும் என் நிலத்தை வாங்கிக்கொள், மீட்கும் உரிமை உன்னுடையது என்கிறான்.

அந்த உரிமையின் பின்னால் ஒரு பழைய சட்டம் இருக்கிறது. உறவினன் வறுமைப்பட்டு நிலத்தை விற்க நேர்ந்தால், அது குடும்பத்தைவிட்டுப் போகாதபடி நெருங்கிய உறவினன் வாங்க வேண்டும் என்று லேவியராகமத்தின் 25-ஆம் அதிகாரம் விதிக்கிறது. இது கட்டாயம் போலத் தோன்றினாலும் மறுக்க வழி இருந்தது. ரூத்தின் கதையில் மீட்கும் உரிமையுள்ள முதல் உறவினன், தன் சொத்துக்குப் பங்கம் வரும் என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையிலேயே விலகிக்கொள்கிறான். யாரும் அவனைத் தண்டிக்கவில்லை. ஆகவே எரேமியாவும் மறுத்திருக்கலாம். மறுப்பதற்கு அவரிடம் நல்ல காரணங்கள் இருந்தன.

ஆனதோத் எருசலேமுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 5 கிலோமீட்டரில் இருந்த குருமார்களின் ஊர். அனாத்தா என்ற இன்றைய பாலஸ்தீன ஊர் அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது. எரேமியா பிறந்த ஊர் அது. அந்த ஊர்க்காரர்கள்தான் அவர் இறைவாக்கு உரைக்கக் கூடாது என்று மிரட்டி, அவரைக் கொல்லச் சதி செய்தார்கள். நூலின் 11-ஆம் அதிகாரம் அதைச் சொல்கிறது. அடுத்த அதிகாரத்தில் அவருடைய உடன்பிறந்தவர்களும் தந்தை வீட்டாருமே அவருக்குத் துரோகம் செய்ததாக வருகிறது. இப்போது அதே வீட்டிலிருந்து ஒருவன், எதிரியின் கைக்குப் போன ஒரு துண்டு நிலத்தைக் காசாக்க, சிறையில் கிடப்பவனைத் தேடி வருகிறான். அனாமெயேல் ஏன் விற்றான் என்று நூல் சொல்லவில்லை. முற்றுகைக்குள் வெள்ளி இருந்தால் ஒரு வாய் சோறாவது வாங்கலாம். வெளியே கிடக்கும் நிலத்தை யாரும் தின்ன முடியாது. அவன் கணக்கு அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். அதில் குற்றம் காண எனக்கு மனமில்லை.

உரையாசிரியர்கள் பெரும்பாலும் கடந்துபோகும் இன்னொரு செய்தியையும் இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். நூலின் 16-ஆம் அதிகாரத்தில், இந்த நாட்டில் நீ பெண் கொள்ளாதே, உனக்குப் பிள்ளைகள் வேண்டாம் என்று எரேமியாவுக்குச் சொல்லப்படுகிறது. வரப்போகும் அழிவுக்கு அவருடைய தனிமையே ஓர் அடையாளம். மீட்கும் உரிமையோ வாரிசுகளுக்காகவே ஏற்பட்டது. நிலம் தலைமுறைகளுக்குக் கைமாற வேண்டும் என்பதே அதன் நோக்கம். பிள்ளை இல்லாதவர், மணம் செய்ய அனுமதி இல்லாதவர், வயது போனவர், கைதி. அவர் வாங்கும் நிலம் யாருக்கு? அவருக்கு அல்ல என்பது பத்திரம் எழுதும்போதே தெளிவாக இருந்தது.

அவருடைய உள்ளத்தில் எந்த ஐயமும் இல்லாத உறுதி இருந்தது என்று எண்ணுவோம். நூல் அப்படிக் காட்டவில்லை. அனாமெயேல் வருவான் என்று கடவுளின் வார்த்தை தமக்கு முன்பே வந்ததாக எரேமியா சொல்கிறார். பிறகு அவன் வந்தான். வந்து கேட்ட பிறகுதான், இது ஆண்டவருடைய வார்த்தை என்று தாம் அறிந்துகொண்டதாகவும் சொல்கிறார். நாற்பது ஆண்டு அனுபவமுள்ள இறைவாக்கினர், தம் உள்ளத்தில் எழுந்த ஒன்றை நிகழ்வு வந்து உறுதிப்படுத்தும்வரை காத்திருக்கிறார். தமக்குத் தோன்றுவதையெல்லாம் கடவுளின் குரல் என்று பறைசாற்றும் வழக்கம் அன்றும் இருந்தது. இந்த நூலின் 23-ஆம் அதிகாரத்தின் பெரும்பகுதி அப்படிப்பட்டவர்களுடனான சண்டை. அந்தப் பின்னணியில் இந்தத் தயக்கம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கடவுளை நம்பியவர் தம் மனக்குரலை அவ்வளவு எளிதில் நம்பவில்லை.

அடுத்து நடந்தது முழுக்க முழுக்க ஒரு கிரய நடவடிக்கை. விலை 17 சேக்கல் வெள்ளி. அங்கே நாணயப் புழக்கம் வராத காலம். வெட்டிய வெள்ளித் துண்டுகளைத் தராசில் நிறுத்துக் கொடுப்பார்கள். யூதாவின் சேக்கல் எடைக்கற்கள் நிறையக் கிடைத்திருக்கின்றன. ஒரு சேக்கல் ஏறத்தாழ 11.3 கிராம். அப்படியானால் 17 சேக்கல் என்பது 190 கிராம் அளவு. நிலத்தின் பரப்பு குறிக்கப்படாததால் இது மலிவா, நியாய விலையா என்று வாதிப்பதில் பயனில்லை. அப்பத்துக்கே வழியில்லாத நகரத்தில் ஒரு கைதி கையிலிருந்த வெள்ளியை இதற்குக் கொடுத்தார் என்பதுதான் செய்தி.

பத்திரம் இரண்டு படியாக எழுதப்பட்டது. ஒன்று மூடி முத்திரையிட்டது, மற்றது திறந்தது. சாட்சிகள் கையெழுத்திட்டார்கள். இது அந்தப் பகுதியில் வழங்கிய நடைமுறையோடு நன்றாகப் பொருந்துகிறது. திறந்த படியை வேண்டும்போது எடுத்துப் படிக்கலாம். யாராவது திருத்தினார்கள் என்ற வழக்கு வந்தால் முத்திரையை உடைத்து மூடிய படியோடு ஒப்பிடலாம். இன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு படி தங்கி, மற்றொன்று நம் கைக்கு வருவது போன்ற பாதுகாப்பு. இவ்வகை இரட்டைப் பத்திரங்களின் வழக்கம் பல நூற்றாண்டு நீடித்தது. கி.பி. 132-இல் ரோமுக்கு எதிராக எழுந்த யூதக் கிளர்ச்சியின்போது பாபத்தா என்ற பெண் தன் சொத்துப் பத்திரங்களை மூட்டையாகக் கட்டிக்கொண்டு சாக்கடலுக்கு மேற்கே ஒரு குகையில் ஒளிந்தாள். 1961-இல் யிகாயேல் யாதினின் குழு அந்த மூட்டையைக் கண்டெடுத்தது. அதிலும் இரட்டைப் பத்திரங்கள் இருந்தன.

எரேமியா பத்திரத்தை எழுத்தர் பாருக்கின் கையில் எல்லோரும் பார்க்கக் கொடுத்தார். சாட்சிகள், காவல் முற்றத்தில் உட்கார்ந்திருந்த யூதர்கள் என அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். நெடுநாள் இருக்கும்படி அதை மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். இந்த நாட்டில் வீடுகளும் நிலங்களும் திராட்சைத் தோட்டங்களும் மீண்டும் விலைபோகும் என்பது அதற்கு அவர் கூறிய காரணம். மண்பாண்டம் எவ்வளவு நாள் காக்கும் என்பதை, 1947-இல் கும்ரான் குகைகளில் சாடிகளுக்குள்ளிருந்து வெளிவந்த தோல் சுருள்கள் உலகுக்குக் காட்டின. சில நாளில் தீரும் நெருக்கடிக்கு யாரும் பத்திரத்தைப் பாண்டத்தில் அடைக்க மாட்டார்கள். அவர் கணக்கிட்டது தலைமுறைகளை.

இதுவரை உறுதியாக நடந்தவர் இப்போதுதான் தடுமாறுகிறார். பத்திரத்தைப் பாருக்கிடம் கொடுத்த பின்பே வேண்டுகிறார். அந்த வேண்டுதல் கடவுளின் வல்லமையைப் போற்றித் தொடங்குகிறது. உமக்கு முடியாதது ஒன்றுமில்லை என்கிறது. படைப்பு, எகிப்திலிருந்து விடுதலை என்று நீள்கிறது. முடிவில் சட்டென்று மண்ணுக்கு இறங்குகிறது. இதோ மண்மேடுகள் நகரத்தைத் தொட்டுவிட்டன, நகரம் கைமாறப் போகிறது, நீர் சொன்னபடியே எல்லாம் நடந்துவிட்டது. இந்த நேரத்தில் என்னை நிலம் வாங்கச் சொல்லியிருக்கிறீரே! அதோடு வேண்டுதல் நின்றுவிடுகிறது. விளங்கவில்லை என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்தக் கடைசி வாக்கியம் சொல்லிவிடுகிறது.

இந்த வேண்டுதலின் நீண்ட நடுப்பகுதி பிற்காலத்தவர் விரித்தெழுதியது என்று கருதும் ஆய்வாளர்கள் பலர். எரேமியா நூல் ஒரே கையில் உருவானதன்று. கிரேக்க மொழிபெயர்ப்பில் அது ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவாக இருக்கிறது; அதிகாரங்களின் வரிசையும் வேறு. கும்ரானில் கிடைத்த எபிரேயத் துண்டுகளில் ஒன்று அந்தக் குறுகிய வடிவத்தோடு ஒத்துப்போகிறது. ஆகவே அவர்கள் சொல்வதில் வலு உண்டு. அப்படியே ஏற்றாலும் மண்மேட்டையும் வெள்ளியையும் எதிரெதிரே நிறுத்தும் முடிவு வரிகள் பழையவையாகவே நிற்கின்றன. நடுவில் சேர்த்து எழுதியவர்களும் நாடிழந்து, இதே கேள்வியோடு வாழ்ந்தவர்களே. தங்கள் முன்னோரின் மீட்புக் கதையை அந்தக் கைதியின் திகைப்புக்குள் வைத்துச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள்.

எப்படிப் பார்த்தாலும் வரிசை முக்கியம். முதலில் செயல், பிறகு கேள்வி. ஐயங்கள் தீர்ந்த பின்புதான் கடவுளை நம்பி ஓர் அடி எடுத்து வைக்க முடியும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. ஐயம் வந்துவிட்டதே, என் நம்பிக்கை பொய்யோ என்று வருந்துபவர்கள் அதைவிட அதிகம். நூல் இந்த மனிதரை ஐயத்துக்காகக் கண்டிக்கவில்லை. அவருக்கு வரும் பதிலும் விளக்கமாக வரவில்லை. அவர் சொன்னதையே கடவுள் கேள்வியாக்கித் திருப்பிக் கேட்கிறார்: எனக்கு முடியாதது ஏதாவது உண்டா? தொண்ணூறு வயது சாராள் தனக்குப் பிள்ளையா என்று சிரித்தபோது ஆபிரகாமிடம் கேட்கப்பட்ட கேள்வியும் இதுவே. அதன்பின், நகரம் எரியும் என்ற தீர்ப்பு தள்ளுபடியாகாமல் மீண்டும் உறுதிசெய்யப்படுகிறது. அழிவும் நிச்சயம், மீட்பும் நிச்சயம். இரண்டையும் ஒன்றாகத் தாங்க வேண்டிய சுமையை அவர் தோளிலிருந்து யாரும் இறக்கி வைக்கவில்லை.

இதோடு ஒப்பிட வேண்டியவர் அனனியா என்ற இன்னோர் இறைவாக்கினர். சிதேக்கியாவின் நான்காம் ஆண்டில், கோவிலில், எல்லோர் முன்னிலையிலும், இரண்டே ஆண்டுகளில் பாபிலோனின் நுகம் முறியும், சிறைப்பட்டவர்கள் திரும்புவார்கள் என்று இவரும் கடவுளின் பெயரால் சொன்னார். எரேமியா அடையாளமாகக் கழுத்தில் சுமந்திருந்த மரநுகத்தைப் பிடுங்கி உடைத்தார். கேட்டவர்களுக்கு எது விசுவாசமாகத் தோன்றியிருக்கும்? சந்தேகமில்லாமல் அனனியாவின் பேச்சு. அதில் துணிச்சல் இருந்தது, கெடு இருந்தது, வெற்றி இருந்தது. எரேமியாவின் முதல் மறுமொழி, ஆமென், அப்படியே நடக்கட்டும் என்பதுதான். அவருக்கும் அந்த விருப்பம் இருந்தது. கடவுளிடமிருந்து வேறு சொல் வரும்வரை வாதாடாமல் தம் வழியே போய்விட்டார். விருப்பத்தையும் நம்பிக்கையையும் அவர் குழப்பிக்கொள்ளவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ரோம வரலாற்றிலும் இப்படியொரு நிலக்கிரயம் உண்டு. கி.மு. 211-இல் எதிரிப் படைத்தலைவன் அன்னிபால் ரோமின் வாயிலருகே வந்து முகாமிட்டான். அவன் படுத்திருந்த அதே நிலம் அந்நாட்களில் நகருக்குள் விலை குறையாமல் விற்றது என்று லிவியின் வரலாறு கூறுகிறது. கேட்க வீரமான செய்திதான். ரோமர்கள் தாங்கள் வெல்வோம் என்று நம்பி வாங்கினார்கள். எரேமியாவோ தோற்போம் என்று அறிந்தே வாங்கினார். முன்னது தன் ஊரின் மதிலில் வைத்த நம்பிக்கை. பின்னது மதில் விழுந்த பிறகும் எஞ்சக்கூடியது.

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு எரேமியா நூலில் மிகப் பழக்கமான வசனம் 29-ஆம் அதிகாரத்தின் 11-ஆம் வசனம். புத்தாண்டு பிறக்கும் இரவில் ஆலயங்களில் வாக்குத்தத்த அட்டை வாங்குகிறவர்கள் கையில் அது அடிக்கடி வரும். நாட்காட்டிகளிலும் வீட்டுச் சுவர்களிலும் தொங்கும். கடவுள் உங்களுக்குத் தீங்கை அல்ல, சமாதானத்தையும் எதிர்காலத்தையும் நினைத்திருக்கிறார் என்பது அதன் பொருள். அது எரேமியா பாபிலோனுக்கு எழுதிய கடிதத்தின் ஒரு வரி. கி.மு. 597-இல் நாடு கடத்தப்பட்டவர்களுக்கு எழுதியது. அதற்கு முந்தைய வசனம் எழுபது ஆண்டு என்று கெடு வைக்கிறது. கடிதத்தைப் பிரித்துப் படித்த பெரியவர்களில் எவரும் ஊர் திரும்பப் போவதில்லை என்று அதற்குப் பொருள். அவர்களிடம் எரேமியா சொன்னது: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடியுங்கள், உங்களைச் சிறைபிடித்த நகரத்தின் நலனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

அட்டையைக் கையில் வாங்கி நெஞ்சோடு அணைப்பவர்களின் ஏக்கம் உண்மையானது. மருத்துவர் கைவிரித்த நோயாளி, கடனில் மூழ்கிய குடும்பம், மகனைக் காணாத தாய் என அந்த வரிசையில் நிற்பவர்களை நான் மதிக்கிறேன். அவர்களிடம், இந்த ஆண்டே உன் காரியம் முடியும் என்று அந்த வசனத்தைக் காட்டிச் சொல்வதுதான் கொடுமை. சொன்னபடி நடக்காதபோது, உனக்கு விசுவாசம் போதவில்லை என்ற பழியும் அவர்கள்மேலேயே விழுகிறது. எருசலேம் முற்றுகையில் பசியால் செத்த குழந்தைகளைப் பற்றிப் புலம்பல் நூல் பாடுகிறது. அந்த நிலக்கிரயம் அவர்களில் ஒருவரையும் காப்பாற்றவில்லை. எரேமியாவும் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. அவருடைய நம்பிக்கையைக் காரியம் சாதிக்கும் உபாயமாகப் போதிப்பவர்கள் இந்த நூலை முழுதாகப் படிக்கட்டும்.

அப்படியென்றால் இந்த நம்பிக்கை அவரிடம் எப்படி உருவானது? அதற்கு விடை நிலக்கிரயத்துக்கு முந்தைய பக்கங்களில் இருக்கிறது. 11 முதல் 20 வரையான அதிகாரங்களுக்கிடையே அவருடைய முறையீடுகள் சிதறிக் கிடக்கின்றன. விவிலியம் முழுவதிலும் கடவுளிடம் இவ்வளவு கசப்பாகப் பேசியவர்கள் யோபைத் தவிர அதிகமில்லை. நீர் எனக்கு நீர் வற்றி ஏமாற்றும் ஓடைபோல் ஆனீர் என்கிறார். என்னை இணங்க வைத்து மோசம் செய்தீர் என்கிறார். இனி உமது பேரைச் சொல்லவே மாட்டேன் என்று முடிவு செய்து, எலும்புக்குள் அடைபட்ட நெருப்பு விடவில்லை என்கிறார். தாம் பிறந்த நாளையே சபிக்கிறார். இவற்றுக்கு இடையே, தண்ணீரோரம் வேர்விட்டு வறட்சியிலும் இலை உதிராத மரம் பற்றிய பாடலும் வருகிறது. பாடல் மட்டும் ஆலயங்களில் பாடப்படுகிறது. முறையீடுகள் அவ்வளவாகப் படிக்கப்படுவதில்லை. அந்த மரம் வளர்ந்த மண் இந்த முறையீடுகள்தான் என்று நான் எண்ணுகிறேன். அவர் மனிதர்களிடம் போய்க் கடவுளைக் குறை சொல்லவில்லை. கடவுளிடமே போய்ச் சொன்னார். ஒளிக்காமல் சொன்னார். நாற்பது ஆண்டுச் சண்டையில் எதிர்ப்பக்கம் இருப்பவர் விலகிப் போகவில்லை என்ற பழக்கம் அவருக்குள் ஊறியது. பத்திரத்தில் கையெழுத்திட்ட கைக்குப் பின்னால் இருந்தது அந்தப் பழக்கம்.

அவர் தனியாகவும் இல்லை. நம்பிக்கையைத் தனிமனித வீரமாகவே பேசும் நம் வழக்கம் இங்கே பொருந்தாது. முன்பு ஆண்ட யோயாக்கீம் அரசன் குளிர்கால மாளிகையில் கனலருகே உட்கார்ந்து எரேமியாவின் சுருளை மூன்று நான்கு பத்திகளாக அறுத்து நெருப்பில் போட்டான். பாருக் மறுபடி உட்கார்ந்து முழுவதையும் எழுதினார். அதிகாரிகள் எரேமியாவைச் சேறு நிறைந்த துரவில் இறக்கியபோது, அரண்மனையில் பணிபுரிந்த எபெத்மெலேக் என்ற எத்தியோப்பியர் அரசனிடம் நேரே போய் வாதாடினார். கயிறு அக்குளை அறுக்காதபடி கந்தல் துணிகளை முதலில் இறக்கிக் கொடுத்துத் தூக்கினார். எல்லாம் நம்பிக்கையற்றுப் போன ஒரு நகரத்தில், அக்குள் அறுபடுமே என்று யோசித்த ஒரு மனிதர். நூல் இந்தத் துணிகளை மறக்காமல் குறித்திருப்பது எனக்கு அதிசயமாக இருக்கிறது. பத்திரத்துக்குச் சாட்சியாகக் கையெழுத்திட்டவர்களின் பெயர்களோ நமக்கு வரவில்லை. எதிரியின் பிடியிலுள்ள நிலத்துக்குச் சாட்சி நிற்பது அவர்களுக்கும் எளிதாக இருந்திருக்காது.

நகரம் விழுந்தது. ஆண்டு 587 என்றும் 586 என்றும் ஆய்வாளர்கள் இரு பக்கமாக நிற்கிறார்கள். மதில் உடைந்து, ஏறத்தாழ ஒரு மாதத்தில் கோவிலும் வீடுகளும் தீக்கிரையாயின. 1982-இல் தாவீதின் நகரம் எனப்படும் பகுதியில் யிகால் ஷிலோவின் குழு எரிந்த கட்டடம் ஒன்றைத் தோண்டியது. 51 களிமண் முத்திரைகள் கிடைத்தன. அவை கட்டியிருந்த ஆவணங்கள் சாம்பலாகிவிட்டன. ஈர மண்ணில் கரைந்து போயிருக்க வேண்டிய முத்திரைகளை அதே தீ சுட்டு இறுக்கிவிட்டது. ஒன்றில் சாப்பானின் மகன் கெமரியாவின் பெயர் இருக்கிறது. பாருக் முதல் சுருளை மக்களுக்கு வாசித்தது சாப்பானின் மகன் கெமரியா என்பவருடைய அறையில்தான். 2005-இலும் 2008-இலும் எய்லாத் மசார் அதே பகுதியில் மேலும் இரண்டு முத்திரைகளைக் கண்டெடுத்தார். அவற்றில் யூகால், கெதலியா என்ற பெயர்கள் தந்தையர் பெயர்களோடு உள்ளன. எரேமியாவைத் துரவில் போடச் சொன்ன அதிகாரிகளின் பட்டியலில் இருக்கும் பெயர்கள் அவை. பாருக்கின் பெயர் கொண்ட ஒரு முத்திரையும் முன்பு பெரிதாகப் பேசப்பட்டது. பழம்பொருள் சந்தை வழியாக வந்தது அது. போலி என்றே இப்போது பலரும் கருதுகிறார்கள். உண்மை முத்திரைகள் போதும்; அவை எரேமியாவைச் சூழ்ந்திருந்த மனிதர்களை மண்ணிலிருந்து எழுப்பிக் காட்டுகின்றன.

வீழ்ச்சிக்குப் பின் எரேமியாவின் முன் ஒரு வாய்ப்பு வந்தது. சிறைப்பட்டவர்களோடு விலங்கிடப்பட்டு ராமா வரை கொண்டுபோகப்பட்டவரைப் பாபிலோன் தளபதி நெபுசராதான் விடுவித்தான். என்னோடு பாபிலோனுக்கு வந்தால் உன்னைப் பார்த்துக்கொள்கிறேன், இல்லையென்றால் விரும்பிய இடத்துக்குப் போ என்றான். எரேமியா நாட்டிலேயே தங்கினார். மிஸ்பாவில் ஆளுநராக அமர்த்தப்பட்ட வேறொரு கெதலியாவிடமும் மிஞ்சியிருந்த ஏழை மக்களிடமும் போனார். வெள்ளியால் வாங்கியதை இப்போது தம் உடலாலும் உறுதி செய்தார் என்று சொல்லலாம். மிஸ்பா பென்யமீன் நாட்டில் இருந்தது. ஆனதோத் தொலைவில் இல்லை. அந்தப் பகுதி எருசலேமளவு அழியவில்லை, மக்கள் தொடர்ந்து வாழ்ந்தார்கள் என்று அகழாய்வுகள் காட்டுகின்றன. அவர் தம் நிலத்தை ஒருமுறையாவது போய்ப் பார்த்தாரா என்று நூல் பேசவில்லை. சில மாதங்களில் கெதலியா கொல்லப்பட்டார். பாபிலோனின் பழிக்கு அஞ்சிய மக்கள், போக வேண்டாம் என்று எரேமியா தடுத்தும் கேளாமல், அவரையும் பாருக்கையும் இழுத்துக்கொண்டு எகிப்தின் எல்லை நகரமான தக்பானேஸுக்குப் போனார்கள். அங்கே அவர் கடைசியாகக் காணப்படும்போது, உன் பேச்சைக் கேட்க மாட்டோம் என்று மக்கள் அவர் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். அவர் தொடர்ந்து பேசிக்கொண்டிருக்கிறார். அவருடைய சாவு எழுதப்படவில்லை.

பாபிலோனில் மற்றவர்கள் அவர் கடிதத்தின்படியே வேர்விட்டார்கள். யூதாவூர் என்று அவர்கள் சொந்த நாட்டின் பெயரிலேயே அழைக்கப்பட்ட ஒரு குடியிருப்பின் களிமண் ஆவணங்கள் 2014-இல் பதிப்பிக்கப்பட்டன. அவற்றில் மிகப் பழையது கி.மு. 572-ஐச் சேர்ந்தது. நிலம் உழுது, வரி கட்டி, கடன் வாங்கி, பிள்ளைகளுக்குப் பெயர் வைத்து அவர்கள் வாழ்ந்தது அதில் தெரிகிறது. கி.மு. 539-இல் பாரசீகத்தின் கோரேசு பாபிலோனைப் பிடித்தான். திரும்பிப் போக அனுமதி கிடைத்தது. எஸ்றா நூல் அந்த அனுமதியை எரேமியாவின் வாக்கோடு இணைத்தே தொடங்குகிறது. அதன் இரண்டாம் அதிகாரம் யூதாவுக்குத் திரும்பியவர்களின் பட்டியல். எந்த ஊரார் எத்தனை பேர் என்று சலிப்பூட்டும் அளவுக்கு எண்கள் வருகின்றன. பெத்லகேமார் 123, நெத்தோபா மனிதர் 56. அடுத்த வரியில் ஆனதோத்தின் மனிதர் 128. நெகேமியா நூலின் பட்டியலிலும் அதே எண்தான்.